செவ்வாயில் ஓடிய ஆறு ஊர்திகளும் ஒரு பட்டைப் படமும்

செவ்வாயின் தரையில் இதுவரை ஆறு ரோவர்கள் சக்கரம் உருட்டியிருக்கின்றன. 1997இல் சோஜர்னர் என்ற சிறு வண்டி. 2004 ஜனவரியில் மூன்று வார வித்தியாசத்தில் ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி என்ற இரட்டையர். 2012இல் கியூரியாசிட்டி. 2021 பிப்ரவரியில் பெர்சிவரன்ஸ், மே மாதத்தில் சீனாவின் ஜூரோங். இவற்றில் எது எத்தனை காலம் உழைத்தது, எவை ஒரே சமயத்தில் அங்கே இருந்தன, எந்த ஆண்டுகளில் செவ்வாயில் ஒரு சக்கரமும் சுழலவில்லை என்று யாராவது கேட்டால், தேதிகள் நிறைந்த அட்டவணையை வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டியிருக்கும். அதே தேதிகளை ஊர்திக்கு ஒன்றாக ஆறு கிடைப் பட்டைகளாக வரைந்துவிட்டால் மூன்று கேள்விக்கும் பதில் பார்த்த உடனே கிடைத்துவிடும். 1997 செப்டம்பருக்கும் 2004 ஜனவரிக்கும் நடுவே படம் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையும் ஒரு தகவல்தான்.

தொடக்கம், முடிவு என இரண்டு முனைகள் கொண்ட இந்தப் பட்டைகளைக் காலப்பட்டைகள் என்று அழைக்கலாம். திட்ட மேலாளர்கள் கேன்ட் சார்ட் என்று சொல்வது இந்தக் குடும்பத்தில் ஒன்று. மருத்துவ ஆய்வாளர்கள், புவியியலாளர்கள், வரலாற்று மாணவர்கள் எல்லாரும் இதை வேறு வேறு பெயரில் பயன்படுத்துகிறார்கள். இன்று பைத்தான் போன்ற மொழியில் ஒரு லைப்ரரியின் துணையோடு பத்து வரி நிரலில் இதை வரைந்துவிடலாம். வரைவது அவ்வளவு எளிதாகிவிட்டதால்தான் அந்தப் பத்து வரிக்குள் நாம் என்னென்ன முடிவுகளை எடுக்கிறோம் என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பள்ளியில் படித்த பட்டை வரைபடத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. ஒரு மாவட்டத்தின் மழையளவைக் காட்டும் பட்டையின் ஒரு முனை எப்போதும் பூஜ்ஜியத்தில் ஊன்றியிருக்கும். செய்தி முழுவதும் மறு முனையில்தான். அதனால்தான் அந்த வகைப் படத்தில் அச்சைப் பூஜ்ஜியத்தில் தொடங்காமல் நடுவில் வெட்டினால் அது ஏமாற்று. காலப்பட்டைக்கு அந்த ஊன்றுகோல் கிடையாது. இடது முனை ஒரு செய்தி, வலது முனை ஒரு செய்தி, இரண்டுக்கும் இடையிலான நீளம் மூன்றாவது செய்தி. பட்டையின் நீளம் என்பது இரண்டு தேதிகளின் வித்தியாசம். ஆகவே அச்சு 1997இல் தொடங்கினாலும் 1950இல் தொடங்கினாலும் நீளங்களின் விகிதம் மாறாது. பூஜ்ஜிய விதி இங்கே தேவையில்லை. அதற்குப் பதிலாக வேறொரு விதி வருகிறது: அச்சு சீரான அளவில் இருக்க வேண்டும். மடக்கை அளவில் வரைந்தால் 1 முதல் 10 வரையிலான பட்டையும் 10 முதல் 100 வரையிலான பட்டையும் ஒரே நீளமாகத் தெரியும். ஒன்பதும் தொண்ணூறும் சமம் என்று படம் பொய் சொல்லும்.

நான்காவது செய்தியும் உண்டு. அது பட்டைகளுக்கு இடையில் இருப்பது. ஒன்று முடிந்து நெடுநாள் கழித்து இன்னொன்று தொடங்கலாம். ஒன்று முடியும் புள்ளியில் மற்றது தொடங்கலாம். பாதியில் ஒன்றையொன்று தழுவலாம். ஒன்று மற்றொன்றுக்குள் முழுதாக அடங்கலாம். இப்படி இரண்டு கால அளவுகளுக்கு இடையே மொத்தம் 13 வகை உறவுகளே சாத்தியம் என்று கணினி அறிவியலாளர் ஜேம்ஸ் ஆலன் 1983இல் வகுத்துக் காட்டினார். நம் செவ்வாய்ப் படத்தில் ஜூரோங்கின் பட்டை பெர்சிவரன்ஸின் காலத்துக்குள் அடங்குகிறது. ஆப்பர்ச்சூனிட்டியின் வால் கியூரியாசிட்டியின் தலையோடு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் சேர்ந்து ஓடுகிறது. அட்டவணையில் இந்த உறவுகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டும். படத்தில் அவை தாமாகவே தெரியும்.

இந்த யோசனை கணினிக்கு மிகவும் முந்தியது. பின்னாளில் ஆக்சிஜன் ஆய்வால் புகழ்பெற்ற ஜோசப் பிரீஸ்ட்லி, இங்கிலாந்தின் வாரிங்டனில் ஆசிரியராக இருந்தபோது, 1765இல் ஒரு வாழ்க்கை வரலாற்றுப் படத்தை வெளியிட்டார். கிறிஸ்துவுக்கு முன் 1200 முதல் கி.பி. 1800 வரை நீளும் காலக்கோட்டில் ஏறத்தாழ 2,000 பேரின் வாழ்நாளை ஆளுக்கொரு கிடைக்கோடாக வரைந்திருந்தார். பிறப்பில் தொடங்கி இறப்பில் முடியும் கோடு. அவர் செய்த இன்னொரு காரியத்தை நாம் இன்று பெரும்பாலும் மறந்துவிட்டோம். பிறந்த ஆண்டோ இறந்த ஆண்டோ உறுதியாகத் தெரியாதவர்களுக்கு அவர் முழுக்கோடு போடவில்லை. தெரியாத பகுதியைப் புள்ளிகளாக இட்டார். தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே மையில் கலக்காத அந்த ஒழுக்கத்தைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

பூஜ்ஜியத்தில் ஊன்றிய பட்டை வரைபடம் அதற்குப் பிறகுதான் வந்தது. 1786இல் ஸ்காட்லாந்தின் வில்லியம் பிளேஃபேர், தம் நாட்டின் ஏற்றுமதி இறக்குமதியை 17 நாடுகள் வாரியாகப் பட்டைகளில் காட்டினார். பல ஆண்டுகளுக்கான எண்கள் கிடைக்காமல் ஒரே ஆண்டின் கணக்குதான் கையில் இருந்தது என்பதால் அந்த வடிவத்துக்கு வந்தார். பிரீஸ்ட்லியின் காலக்கோடுகளே அவருக்குத் தூண்டுதல் என்று வரைபட வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் காலப்பட்டைதான் மூத்தது, பள்ளிக்கூடப் பட்டை இளையது. தொழிற்சாலைத் திட்டமிடலுக்கு இதைப் போலந்தின் கரோல் அடமியெட்ஸ்கி 1896இலேயே உருவாக்கினார். அமெரிக்கரான ஹென்றி கேன்ட் 1910களில் பரப்பினார். பெயர் கேன்ட்டுக்கே நிலைத்துவிட்டது.

இனி நிரலுக்கு வருவோம். பைத்தானில் படம் வரைவோர் பெரும்பாலும் முதலில் எடுப்பது மேட்பிளாட்லிப். ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைத் திரையில் பார்க்கத் தமக்கு வேண்டும் என்று எழுதத் தொடங்கியது அது. 2003இல் வெளியானது. 2008இல் நாசாவின் ஃபீனிக்ஸ் விண்கலம் செவ்வாயில் இறங்கியபோது தரவைக் காட்சிப்படுத்தவும் அது பயன்பட்டது. ஹன்டர் 2012 ஆகஸ்டில் புற்றுநோயால் இறந்தார். கியூரியாசிட்டி தரையிறங்கியதும் அதே மாதம்தான்.

மேட்பிளாட்லிப்பில் கிடைப் பட்டைக்கு 'பார்எச்' என்றொரு ஃபங்ஷன் உண்டு. அதனிடம் எந்த வரிசை, எவ்வளவு அகலம் என்று சொன்னால் பூஜ்ஜியத்திலிருந்து பட்டை போடும். 'லெஃப்ட்' என்ற அளவையும் கொடுத்தால் பட்டை பூஜ்ஜியத்தை விட்டு நகர்ந்து அந்த இடத்திலிருந்து கிளம்பும். காலப்பட்டைக்குத் தேவையான மந்திரம் அவ்வளவுதான். ஆனால் அது கேட்பது தொடக்கத்தையும் அகலத்தையும். நம் கையில் இருப்பதோ தொடக்கமும் முடிவும். புதிதாக வருபவர்கள் இடறி விழுவது பெரும்பாலும் இந்த ஒரே இடத்தில்தான்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். ஆப்பர்ச்சூனிட்டி இறங்கியது 2004 ஜனவரி 25. அதிலிருந்து கடைசியாகச் செய்தி வந்தது 2018 ஜூன் 10. மேட்பிளாட்லிப் தேதிகளை 1970 ஜனவரி 1 முதல் கடந்த நாட்களாக எண்ணி வைத்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் தொடக்கம் 12,442, முடிவு 17,692. அகலம் என்று கொடுக்க வேண்டியது இரண்டின் வித்தியாசமான 5,250 நாட்கள். மறந்துபோய் 17,692ஐயே அகலமாகக் கொடுத்தால், பட்டை 30,134ஆம் நாள் வரை நீளும். அது 2052 ஜூலை! இந்தப் பிழை கண்ணில் அறைவதால் உடனே திருத்திவிடுவோம். அபாயம் சிறிய எண்களில் இருக்கிறது. 2ஆம் வாரத்தில் தொடங்கி 5ஆம் வாரத்தில் முடியும் வேலையை இதே தவறோடு வரைந்தால் பட்டை 7ஆம் வாரத்தில் முடியும். அது நம்பும்படியாகவே இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். முதல் பட்டையை வரைந்ததும் அதன் வலது முனை அச்சில் எந்த எண்ணின் மேல் நிற்கிறது என்று கண்ணால் சரிபார்ப்பது அரை நிமிட வேலை. தவறாமல் செய்ய வேண்டும்.

ஒரே வரிசையில் பல துண்டுகள் வேண்டுமானால் 'புரோக்கன் பார்எச்' என்ற இன்னொரு ஃபங்ஷன் இருக்கிறது. ஸ்பிரிட்டுக்கு இது சரியாகப் பொருந்தும். 2009 மே மாதம் அதன் சக்கரங்கள் மென்மணலில் புதைந்தன. பல மாத முயற்சிக்குப் பிறகும் மீளவில்லை. 2010 ஜனவரியில் நாசா அதை இனி ஒரே இடத்தில் நின்று ஆய்வு செய்யும் நிலையம் என்று அறிவித்தது. அந்த ஆண்டு மார்ச் 22இல் கடைசிச் செய்தி வந்தது. ஓடிய காலம் ஒரு நிறத்திலும் நின்ற காலம் வேறு நிறத்திலுமாக இரண்டு துண்டுகளை ஒரே வரிசையில் இடலாம். ஆனால் இங்கே ஒரு சின்ன முரண் உண்டு. 'பார்எச்' ஒரு வரிசை எண்ணைக் கொடுத்தால் பட்டையை அந்த எண்ணின் மேல் நடுவாக வைக்கும். 'புரோக்கன் பார்எச்' வழக்கமாக அடிவிளிம்பையும் உயரத்தையும் கேட்கும். இரண்டையும் ஒரே படத்தில் கலந்தால் சில பட்டைகள் அரை வரிசை மேலேறி நிற்கும்.

வேறு லைப்ரரிகள் வேறு மாதிரி கேட்கின்றன. பிளாட்லியில் காலப்பட்டைக்கென்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. தொடக்கத் தேதி எது, முடிவுத் தேதி எது என்று நேராகவே கேட்கும். வேகா-லைட், அதைப் பைத்தானுக்குக் கொண்டுவந்த ஆல்டேர் இரண்டிலும் கிடை அச்சுக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்றில் தொடக்கத்தையும் மற்றதில் முடிவையும் பொருத்தினால் போதும். இந்த முறைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கையில் உள்ள தரவை அப்படியே கொடுக்க முடிவதால் கழித்தல் கணக்கில் தவற வாய்ப்பே இல்லை. இணையப் பக்கங்களுக்கான டி3யில் எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும்: இரு தேதிகளையும் திரையின் அளவுக்கு மாற்றி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, செவ்வகத்துக்கு அகலம் கொடுக்க வேண்டும். எக்செலிலோ ஒரு பழைய தந்திரம் உலவுகிறது. இரண்டு துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, முதல் துண்டின் நிறத்தை நீக்கிவிட்டால் இரண்டாவது துண்டு அந்தரத்தில் மிதப்பதுபோல் தெரியும்.

தேதிகள் தவறாக இருந்தால், அதாவது முடிவு தொடக்கத்துக்கு முன்னால் வந்துவிட்டால் என்ன ஆகும்? மேட்பிளாட்லிப் ஒன்றும் சொல்லாமல் பட்டையை இடப்பக்கமாக வரைந்துவிடும். பார்வைக்கு அது நல்ல பட்டையாகவே தெரியும். டி3யில் செவ்வகத்தின் அகலம் குறை எண்ணாகிவிடுவதால் உலாவி அதை வரையவே வரையாது. ஒன்று பொய்யாகக் காட்டுகிறது, மற்றது மறைத்துவிடுகிறது. தரவைப் படத்துக்கு அனுப்பும் முன் எல்லா வரிசையிலும் முடிவு தொடக்கத்துக்குப் பிந்தியதா என்று ஒரே வரி நிரலில் சோதித்துவிடலாம்.

மேல்கீழ் வரிசை பற்றி ஒரு சொல். மேட்பிளாட்லிப்பின் நிலை அச்சு கணித வகுப்பில் போலக் கீழிருந்து மேலே ஏறும். பட்டியலில் முதலில் உள்ள சோஜர்னர் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அச்சைத் தலைகீழாக்கும் ஒரு கட்டளை உண்டு, அதைக் கொடுத்துவிட வேண்டும். அகர வரிசையில் அடுக்குவதைத் தவிர்க்கலாம். தொடங்கிய தேதிப்படி அடுக்கினால் பட்டைகள் படிக்கட்டாக இறங்கி, கண்ணுக்கு வழி காட்டும்.

இதுவரை சொன்னவை கருவி சார்ந்த சிக்கல்கள். பழகினால் சரியாகிவிடும். தொடக்கம் என்றால் என்ன, முடிவு என்றால் என்ன என்ற கேள்விகள் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றுக்கு எந்த லைப்ரரியும் விடை சொல்லாது.

முதலில் தொடக்கம். கியூரியாசிட்டி செவ்வாயில் இறங்கியது உலகப் பொது நேரப்படி 2012 ஆகஸ்ட் 6 காலை 5:17 மணி. அதை இயக்கிய கலிஃபோர்னியாவில் அப்போது ஆகஸ்ட் 5 இரவு. ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி இரண்டுக்கும் இதே நிலைதான். ஜூரோங் பொது நேரப்படி 2021 மே 14 இரவில் இறங்கியது, பெய்ஜிங்கில் அப்போது மே 15 விடிந்துவிட்டது. அமெரிக்க ஊர்திக்கு அமெரிக்கத் தேதியையும் சீன ஊர்திக்குச் சீனத் தேதியையும் போட்டால் ஒரே படத்தில் இரண்டு நாட்காட்டிகள் ஓடும். எல்லாவற்றையும் ஒரே நேர மண்டலத்துக்கு மாற்றிவிட்டுத்தான் வரைய வேண்டும். அடுத்த கேள்வி இன்னும் நுட்பமானது. தரையிறங்கியதுதான் தொடக்கமா, சக்கரம் மண்ணைத் தொட்டதா? ஸ்பிரிட் ஜனவரி 4இல் இறங்கினாலும் தன் மேடையை விட்டு மண்ணில் இறங்கியது ஜனவரி 15இல்தான். ஜூரோங் ஒரு வாரம் எடுத்துக்கொண்டது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் தவறில்லை. ஆறு ஊர்திக்கும் ஒரே அளவுகோலைப் பிடிக்காவிட்டால்தான் தவறு.

முடிவு இன்னும் கடினம். ஆப்பர்ச்சூனிட்டியைக் கோள் முழுவதையும் மூடிய புழுதிப்புயல் 2018 ஜூனில் வாயடைத்தது. ஜூன் 10க்குப் பிறகு அது பேசவில்லை. ஆனால் நாசா அதைத் தொடர்ந்து கூப்பிட்டுப் பார்த்தது. பயணம் முடிந்தது என்று 2019 பிப்ரவரி 13இல்தான் அறிவித்தது. ஸ்பிரிட்டின் கடைசிச் செய்தி 2010 மார்ச் 22. அதை எழுப்பும் முயற்சி கைவிடப்பட்டது 2011 மே மாதம். நடுவில் ஓராண்டுக்கு மேல் இடைவெளி. ஊர்தி எப்போது செயலிழந்தது என்று கேட்டால் ஒரு தேதி, மனிதர்கள் எப்போது நம்பிக்கை இழந்தார்கள் என்று கேட்டால் வேறொரு தேதி. ஜூரோங்கின் கதை இன்னும் மங்கலானது. 2022 மே மாதம் குளிரையும் புழுதியையும் தாங்க அதை உறக்கத்தில் ஆழ்த்தினார்கள். ஆண்டு முடிவில் விழித்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தார்கள், அது விழிக்கவில்லை. அது எந்த நாளில் இறந்தது என்று யாருக்கும் தெரியாது.

இங்கேதான் பிரீஸ்ட்லியின் புள்ளிகள் திரும்ப வேண்டும் என்பேன். கடைசிச் செய்தி வரை முழு நிறத்தில் ஒரு துண்டு. அங்கிருந்து அதிகாரபூர்வ அறிவிப்பு வரை வெளிறிய நிறத்தில் அல்லது சாய்கோடுகள் நிரப்பிய இன்னொரு துண்டு. மேட்பிளாட்லிப்பில் இதற்கு ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும். அந்த ஒரு வரி, நமக்குத் தெரிந்தது எதுவரை என்பதை வாசகருக்குச் சொல்லிவிடுகிறது.

முடிவே இல்லாதவை என்ன ஆகின்றன என்று பாருங்கள். கியூரியாசிட்டியும் பெர்சிவரன்ஸும் இன்னும் வேலை செய்கின்றன. அட்டவணையில் அவற்றின் முடிவுத் தேதிக் கட்டம் காலியாக இருக்கும். காலியான தேதியிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் விடையும் காலிதான். அகலம் எண்ணாக இல்லாத பட்டையை மேட்பிளாட்லிப் வரையாது, பிழைச் செய்தியும் தராது. காலிக் கட்டமுள்ள வரிசைகளை முன்கூட்டியே நீக்கிவிடும் பழக்கம் உள்ளவர்களின் நிரலில் அந்த வரிசைகளே இருக்காது. விளைவைப் பாருங்கள்: செவ்வாயில் செயலிழந்த நான்கு ஊர்திகளும் படத்தில் இருக்கும். உயிரோடு இருக்கும் இரண்டும் காணாமல் போகும்.

இது தோற்றப் பிழையோடு நிற்பதில்லை. முடிந்துபோன நான்கின் ஆயுளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் ஏறத்தாழ ஐந்தரை ஆண்டு வரும். கியூரியாசிட்டியோ 2024 ஆகஸ்டிலேயே 12 ஆண்டுகளைக் கடந்துவிட்டது. நெடுநாள் நிலைப்பவைதான் முடிவுத் தேதி இல்லாமல் இருக்கும் வாய்ப்பு அதிகம். அவற்றைத் தள்ளிவிட்டால் சராசரி கீழே இறங்கும். மருத்துவப் புள்ளியியலில் இது பழைய, பெரிய சிக்கல். ஆய்வு முடியும் நாளில் உயிரோடிருக்கும் நோயாளியின் ஆயுள் எவ்வளவு என்று தெரியாது, இவ்வளவுக்கு மேல் என்று மட்டும் தெரியும். அந்த அரைகுறைத் தகவலையும் வீணாக்காமல் கணக்கில் சேர்க்கும் வழியை எட்வர்ட் கப்லன், பால் மெயர் இருவரும் 1958இல் கொடுத்தார்கள். புற்றுநோய் மருந்து ஆய்வுகளில் இன்றும் அந்த முறை நடைமுறையில் இருக்கிறது. அதே ஆய்வுக் கட்டுரைகளில் நோயாளிக்கு ஒரு கிடைப் பட்டையாக வரைந்த படங்களையும் காணலாம். நீச்சல் குளத்தின் தடங்களைப் போலத் தெரிவதால் அவற்றுக்கு ஸ்விம்மர் பிளாட் என்று பெயர். சிகிச்சை தொடரும் நோயாளியின் பட்டை முனையில் வலப்பக்கம் பார்த்த ஓர் அம்புக்குறி இருக்கும்.

அந்த அம்பைச் செவ்வாய்ப் படத்துக்கும் கடன் வாங்கலாம். காலிக் கட்டத்தில் இன்றைய தேதியை நிரப்பி, பட்டையை அதுவரை வரைந்து, முனையில் அம்பு வைத்துவிட வேண்டும். இன்றைய தேதியைக் கணினியே எடுத்துக்கொள்ளும்படி எழுதினால் நிரலை ஓட்டும்போதெல்லாம் பட்டை வளரும். அது வசதிதான். ஆனால் படத்தை அச்சில் ஏற்றிய பிறகு அது எந்த நாளின் 'இன்று' என்று வாசகருக்குத் தெரியாமல் போகும்.

ஆறு பட்டைக்கு ஆறு வரிசை என்பது எளிது. ஆறு ஆயிரம் பட்டைகள் இருந்தால்? இடத்தைச் சேமிக்க, ஒன்றையொன்று தொடாத பட்டைகளை ஒரே வரிசையில் அமர்த்தலாம். குறைந்தது எத்தனை வரிசை வேண்டும்? ரயில் நிலையத்துக்கு எத்தனை நடைமேடை வேண்டும் என்பதும் இதே கணக்குதான், கணினி மாணவர்கள் பலர் தேர்வில் எழுதியிருப்பார்கள். விடை அழகானது: எந்த ஒரு கணத்திலும் ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை பட்டைகள் உயிரோடிருக்கின்றனவோ, அத்தனை வரிசை போதும், அதைவிடக் குறைவாக முடியாது. செய்முறையும் சுலபம். பட்டைகளைத் தொடக்கத் தேதிப்படி அடுக்கி, ஒவ்வொன்றையும் காலியாக உள்ள முதல் வரிசையில் வைத்துக்கொண்டே போக வேண்டும். எதுவும் காலியில்லையென்றால் மட்டும் புதிய வரிசை திறக்க வேண்டும்.

நம் ஊர்திகளில் இதை ஓட்டிப் பார்க்கலாம். சோஜர்னர் முதல் வரிசை. அது முடிந்துவிட்டதால் ஸ்பிரிட்டும் முதல் வரிசை. ஆப்பர்ச்சூனிட்டி வரும்போது ஸ்பிரிட் ஓடிக்கொண்டிருப்பதால் இரண்டாம் வரிசை திறக்கிறது. 2012இல் முதல் வரிசை காலி, கியூரியாசிட்டி அங்கே அமர்கிறது. 2021 பிப்ரவரியில் இரண்டாம் வரிசை காலி, பெர்சிவரன்ஸுக்கு அது. மே மாதம் ஜூரோங்குக்கு மூன்றாவது வரிசை. ஆறு பட்டை மூன்று வரிசைக்குள் அடங்கிவிட்டது. செவ்வாயில் ஒரே காலத்தில் மூன்று ரோவர்களுக்கு மேல் இயங்கியதே இல்லை என்ற உண்மையும் கூடவே வெளிப்பட்டுவிட்டது.

ஒரு நாளில் முடிவதும் அதே நாளில் தொடங்குவதும் மோதுகின்றனவா என்ற ஐயம் இந்த இடத்தில் எழும். தொடக்க நாளைச் சேர்த்துக்கொண்டு முடிவு நாளை விட்டுவிடுவது நிரலாளர்களின் வழக்கம். அப்படி வைத்தால் அடுத்தடுத்த பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் நடுவில் பிளவு விழாமலும் பொருந்தும், நீளமும் கழித்தல் விடையாகவே வரும். முடிவு நாளையும் சேர்த்து எண்ணினால் சோஜர்னரின் 85 நாட்கள் 86 ஆகும். ஆப்பர்ச்சூனிட்டியின் 5,250 நாட்களில் ஒரு நாள் தெரியவே தெரியாது.

அளவின் கொடுமையை இங்கே சொல்ல வேண்டும். 1997 ஜனவரி முதல் 2024 டிசம்பர் முடிய 28 ஆண்டுகளை 1,000 பிக்சல் அகலத்தில் வரைந்தால் ஒரு பிக்சலுக்குப் பத்து நாள். சோஜர்னருக்குக் கிடைப்பது எட்டே பிக்சல், ஆப்பர்ச்சூனிட்டிக்கு 500க்கு மேல். எட்டு பிக்சலுக்குள் பெயர் எழுத முடியாது, பட்டைக்கு வலப்பக்கத்தில் எழுதிவிடலாம். சிறிய பட்டையைத் தெரிவதற்காகச் செயற்கையாக அகலப்படுத்தும் ஆசையை அடக்க வேண்டும். சோஜர்னரின் காலம் குறுகியது என்பதே அதன் செய்தி. ஆனால் அதுவும் தோற்ற ஊர்தி இல்லை. ஏழு செவ்வாய் நாட்களுக்காக வடிவமைத்தார்கள், 83 செவ்வாய் நாட்கள் உழைத்தது. ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி, ஜூரோங் மூன்றுக்கும் திட்டமிட்ட ஆயுள் 90 செவ்வாய் நாட்கள். செவ்வாயின் ஒரு நாள் நம் நாளைவிட ஏறத்தாழ 40 நிமிடம் நீளம் என்பதால் நம் கணக்கில் அது 92 நாட்களுக்குச் சற்று மேல்.

திட்டமிட்ட காலத்தை ஒவ்வொரு பட்டையின் தொடக்கத்திலும் அடர்நிறத்தில் ஒரு சிறு துண்டாக வைத்துப் பாருங்கள். ஆப்பர்ச்சூனிட்டியின் 500 பிக்சல் நீளப் பட்டையில் முதல் ஒன்பது பிக்சல் மட்டும் அடர்ந்திருக்கும். மிச்சமெல்லாம் பொறியாளர்கள் கேட்காமலே கிடைத்த ஆண்டுகள். மராத்தான் தூரத்தையும் தாண்டி 45 கிலோமீட்டர் ஓடியது அந்த உபரிக் காலத்தில்தான். கியூரியாசிட்டிக்கும் பெர்சிவரன்ஸுக்கும் திட்டம் ஒரு செவ்வாய் ஆண்டு, அதாவது 687 நாட்கள். அவற்றின் அடர்துண்டு சற்று நீளமாக இருக்கும். இரண்டும் அதைக் கடந்து வெகுதூரம் வந்துவிட்டன. எந்த வாக்கியமும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட முடியாது என்பதே இந்த வகைப் படத்தின் மீது எனக்குள்ள பற்றுக்குக் காரணம்.

காலப்பட்டை வரையும் நிரலாளர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். படத்தின் அடியில் மூன்று செய்திகளைச் சிறிய எழுத்திலாவது எழுதுங்கள்: எதைத் தொடக்கமாகக் கொண்டீர்கள், எதை முடிவாகக் கொண்டீர்கள், தரவை எந்தத் தேதி வரை சேகரித்தீர்கள். முடிவுத் தேதி இல்லாத வரிசைகள் எத்தனை என்று நிரலை ஓட்டும் முன் எண்ணிக்கொள்ளுங்கள். படம் வந்தபின் அம்புக்குறிகளை எண்ணுங்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போகும்வரை அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.